அம்புறோசுக்குக் கீழே எத்தனை பேர்?

என் தம்பி அம்புறோஸ் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் இயந்திரத்தில் வேலை செய்கிறான். ஒன்பது வருடத்தில் இரண்டு நாள்தான் பிந்திப் போயிருக்கிறான். இரண்டும் பனி கொட்டிய நாட்கள். திகதி என்னிடம் இருக்கிறது. இயந்திரத்தில் பிழை என்றால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

1996 செப்டம்பர் 9, திங்கட்கிழமை, அவனுடைய பகுதி மேற்பார்வையாளரான மைஸ்டர் கூப்பிட்டு, பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பாக இருக்கும்படி கேட்டிருக்கிறார். சம்பளமும் கூடும். வெள்ளிக்கிழமை பதில் வேண்டும். அவன் யோசிப்பதாகச் சொன்னான். நான் யோசிக்கவில்லை. அன்றைக்கே ஏழு வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அக்கா, எனக்கு ஏலாது."

"என்ன ஏலாது? பன்னிரண்டு பேர்தானே. நான் உங்கள் நாலு பேரையும் மேய்ச்சனான்."

"நீங்கள் அதட்டி மேய்ச்சனீங்கள். எனக்கு அதட்ட வராது. கெவெலார் பஸ் மறந்துபோச்சோ?"

அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கெவெலார் மாதா கோவிலுக்குப் போன பஸ்ஸுக்கு இவன்தான் தலைவர். திரும்பும் நேரம், "ஏறுங்கோ" என்று ஒருவரிடமும் சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. மெழுகுதிரி வாங்கியவர்களின் பின்னால் போய் நின்று, பையை வாங்கிச் சுமந்தான். கடைசியாக யோசப் அண்ணையைத் தேடிப் போனான். அவரோ பஸ்ஸின் பின் சீற்றில் நித்திரை. நான் இவன் எழுதித் தந்த பட்டியலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஐம்பத்தொரு பெயர், ஐம்பத்தொரு ஆள். "எல்லாரும் சரி, எடுங்கோ" என்றேன். அரை மணி நேரம் ஓடியபிறகுதான் தலைவர் இல்லை என்று தெரிந்தது. பட்டியலில் தன் பெயரை அவன் எழுதவேயில்லை. பாவம், ரயிலில் வந்து எங்களிடம் மன்னிப்பும் கேட்டான்.

"அப்ப மாட்டன் எண்டு சொல்லப்போறியோ? பிறகு ஒருக்காலும் கூப்பிடமாட்டாங்கள்."

அவனுடைய பயமும் அதுதான். இரண்டு பிள்ளைகள்; பென்சன் வரை இதே சம்பளமா?

"வேற ஒண்டு கேட்டுப் பாப்பம் எண்டு இருக்கிறன். புது கொம்பியூட்டர் மெசின் மூண்டு வருது. அதுக்குப் படிச்சாலும் அதே கூடின சம்பளம்தான். வருசம் முழுக்கச் சனிக்கிழமை வகுப்பு எண்டதாலை ஒருத்தரும் பேர் குடுக்கேல்லை."

"அப்ப கேளன்!"

"அவர் கோவிச்சால்?"

வியாழன் பின்னேரம் நான் மைஸ்டராக இருந்து அவனைப் பேச வைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அவனுடைய குறை தெரிந்தது. நாலு வசனத்தில் ஆறு மன்னிப்பு. ஐந்தை வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை இவன் பொறுப்பு வேண்டாம், அந்த வகுப்பைத் தாருங்கள் என்றதும் மைஸ்டர் முகத்தைச் சுருக்கி, "ஏன் வேண்டாம்?" என்றாராம். இவன் பாடமாக்கிய மிச்சமெல்லாம் மறந்து, பஸ் கதையைச் சொல்லியிருக்கிறான். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம்.

"பஸ்ஸை எடுக்கச் சொன்னது யார்?"

"என்னுடைய அக்கா."

"அவரை வேலைக்கு அனுப்பு, பன்னிரண்டு பேரையும் கொடுக்கிறேன்" என்றவர், வகுப்புக்கான படிவத்தில் இவன் பெயரை எழுதினாராம். இந்தமுறை பெயர் விடுபடவில்லை. பிரதியை வாங்கிப் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பிறேமா பிடித்துக்கொண்டாள். நான் தொலைபேசி எடுத்த ஏழு வீட்டில் அவளுடையது முதல் வீடு.

"பற்றிமா அக்கா, தம்பிக்குக் கீழை எத்தினை பேர்?"

"ஒருத்தரும் இல்லை. மூண்டு மெசின். வைச்ச இடத்திலை நிக்கும்."

மற்ற ஆறு வீட்டுக்கும் இதைச் சொல்ல நானே தொலைபேசி எடுத்தேன்.