கோப்பில் ஒரு பொய் வரி

ஜெயராஜ் ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் ஜார்ஜ் டவுன் மருத்துவமனை ஒன்றில் இருந்த அவருடைய கோப்பு வேறு கதை சொன்னது: 'நோயாளி மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை. நாட்டு மருந்து குடிக்கிறார்.'

ஜெயராஜுக்கு வயது அறுபத்து மூன்று. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். எந்த வேலை முடிந்தாலும் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பது அங்கே சட்டம். புரோஸ்டேட் புற்றுநோய்க்கு மாத்திரை தொடங்கியபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. காலியான ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் தேதி, கையெழுத்து. எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னில் அடுக்கிவைத்தார்.

பிறகு பொய் எங்கிருந்து வந்தது? மரியாதையிலிருந்து. மனைவியின் தம்பி தயாளன் வாராவாரம் ஒரு போத்தல் கஷாயம் கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்ல ஜெயராஜுக்கு வாய் வராது. "குடிக்கிறேன் மச்சான்" என்று வாங்கிக்கொண்டு, அவர் போனதும் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார். மாத்திரை தொடங்கிய எட்டாம் மாதம் பரிசோதனைக்குத் துணையாக வந்த தயாளன், முடிவு என்னவென்று தெரியும் முன்பே மருத்துவரிடம் பெருமையடித்தார்: "மாத்திரைய நம்பி இல்ல டாக்டர். அத்தானுக்கு நம்ம கஷாயத்துலதான் ஓடுது."

ரத்தத்தில் இந்தப் புற்றுநோயைக் காட்டும் பிஎஸ்ஏ அளவு ஏறியிருந்தது. மருத்துவர் தயாளன் சொன்னதை எழுதினார். ஜெயராஜ் மறுத்ததை எழுதவில்லை. மாத்திரையை முறையாகச் சாப்பிட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கு ஒழுங்கு கற்பிக்க மூன்று மாதம்! புற்றுநோய் அதுவரை கைகட்டி நிற்குமா? இடுப்பெலும்பு வலிக்கத் தொடங்கியது.

அடுத்த முறை பிஸ்கட் டின்னோடு போனார். நாற்காலியில் புதியவர், டாக்டர் ஷர்மினி. அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டார்.

"உங்க மேல தப்பே இல்ல அங்கிள். ஆண் ஹார்மோன் வந்து ஒட்டுனாத்தான் செல்லுல இருக்கிற ரிசெப்டர் வேலை செய்யும். மாத்திரை அந்த இடத்த அடைச்சிடும். இப்ப இந்த செல்லு, ஜீன்லேர்ந்து வர்ற செய்திய வேற மாதிரி வெட்டி ஒட்டி, அந்த இடமே இல்லாத ரிசெப்டர செய்யுது. ஹார்மோனே தேவையில்ல. ஓடிக்கிட்டே இருக்கும்."

"சாவி ஓட்டைய நாம அடைச்சோம். திருடன் ஒயர நேரா முறுக்கி மோட்டார்சைக்கிள எடுத்துட்டான். அப்படித்தானே?"

"அதேதான் லா அங்கிள்."

"அப்ப திருடன விட்டுட்டு வண்டிக்காரனத் திட்டுனீங்களே!"

அடுத்த வாரமே கீமோ தொடங்கலாம் என்றார் ஷர்மினி. ஜெயராஜ் எழுந்திருக்கவில்லை.

"அந்த வரி?"

"கீழ புதுசா எழுதிடறேன் அங்கிள்."

"பத்தாது டாக்டர். நாளைக்கி வேற ஆள் வந்து மேல உள்ளதத்தான் படிப்பாரு. எங்க ஃபேக்டரியில தப்பா எழுதுனா கிழிக்க மாட்டோம், அழிக்க மாட்டோம். ஒரே கோடு. பக்கத்துல சரியானது. தேதி, சைன்."

ஷர்மினி கோடு போட்டார். எழுதினார். கையெழுத்திட்டார். ஜெயராஜ் இரண்டு முறை படித்துவிட்டு டின்னை மூடினார்.

வெளியே தயாளன் புதுப் போத்தலோடு நின்றார்.

"வேணாம் மச்சான்" என்றார் ஜெயராஜ்.