அக்கா வீட்டுக்கு நான் கொண்டுபோன உண்ணிச்செடி

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம், காங்கேயம் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்காவிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. மயிலைப் பசுவைச் சந்தையில் கொடுத்துவிடப் போகிறார்களாம், மேய்ச்சல் போதவில்லையாம். கன்றிலிருந்து அவள் வளர்த்த மாடு. மறுநாளே கிளம்பிவிட்டேன்.

ஆர்.எஸ்.புரம் வீட்டிலிருந்து காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டு, பல்லடம் வழியாகப் போகும் காங்கேயம் பஸ். எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட் பன்னிரண்டு ரூபாய். பல்லடத்தில் பத்து நிமிடம் நிற்கும். டீக்கு ஆசைப்பட்டு இறங்கினால் சீட் போய்விடும், எனக்குப் போனது. காங்கேயத்திலிருந்து டவுன் பஸ்ஸில் ஆறு கிலோமீட்டர், பிறகு ஒன்றரை கிலோமீட்டர் நடை.

வாசலில் நான் கொடுத்த உண்ணிச்செடி பூத்துக் குலுங்கியது. ஏழு வருஷம் முன்பு நர்சரியில் வாங்கி, தொட்டியோடு மடியில் வைத்துக் கொண்டுபோனது. ஒரே கொத்தில் ஆரஞ்சும் ரோஸும் பூக்கும். வறண்ட ஊருக்கு என்ன பொருத்தமான செடி என்று எனக்குப் பெருமை வேறு.

எப்போதும் வீட்டோடு திரும்பிவிடும் நான் அன்றுதான் மாட்டைப் பார்க்கக் கொறங்காட்டுக்கு, அதாவது அவர்கள் மேய்ச்சல் நிலத்துக்குப் போனேன். கிளுவை முள்மர வேலியே தெரியவில்லை. அதன்மேல் என் செடி ஏறிப் படுத்திருந்தது. உள்ளேயும் பாதிக் காடு அதுதான். பழம் தின்ற குருவிகள் விதைத்தது. மாடு வாய் வைக்காத அந்தப் புதருக்குள், மிச்சமிருந்த கொழுக்கட்டைப் புல்லைத் தேடி மயிலை நடந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க மாமா, அப்பவே புடுங்கியிருக்கலாமுங்களே?" என்று அக்காவின் கணவரைக் கேட்டேன்.

"உங்கக்கா தெனமும் தண்ணி ஊத்துதுங்க அம்மணி. அது மனசு நோகுமுன்னு உட்டுப்போட்டேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தங்கச்சி ஆசையாக் கொண்டாந்துச்சேன்னு நான் ஊத்துனனுங்க. எனக்கும் புடுங்கோணும்னுதான் இருந்துச்சு."

மரியாதை பார்த்தே காட்டைக் கெடுத்திருக்கிறோம்.

வாசல் செடியை நானே கடப்பாரை போட்டு எடுத்தேன். நான்கு நாள் மூவரும் வேலியோரம் வெட்டினோம். இடைவெளியில் கிளுவைக் குச்சிகளை ஊன்றினோம். "ஒரு மழை பாத்துப்போட்டு மாட்டப் பத்திப் பேசலாமுங்க" என்றார் மாமா.

இப்படிப் பிடுங்கப் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தண்டு கையைக் கீறிவிடும். பழம் பழுப்பதற்குள் போங்கள். மழை ஈரம் காயுமுன் வேரோடு எடுங்கள். விருந்துக்குப் பூ கொண்டுபோக ஆசையென்றால் மல்லிகை இரண்டு முழம் போதும், மறுநாள் வாடிவிடும்.

கார்த்திகையில் அடுத்த லெட்டர் வந்தது. "மயிலை கன்னு போட்டிருக்குது. வந்து பாத்துட்டுப் போ கண்ணு. ஒண்ணும் கொண்டு வராதே."

என் அக்கா வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.