மலைக்கு முன்னால் வந்த வெள்ளி

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வடக்கே எல்லையில், பனிமலையில் காவல். போன வருஷம் லீவில் தாராவிக்கு வந்தவர், முதல் நாளே விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டு டியூப்லைட்டை அணைத்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நேரத்தில் வீட்டை இருட்டாக்க மூதேவிக்குத்தான் ஆசை வரும்.

"நல்ல நேரத்துல எதுக்கு லைட்ட அணைக்கிய?" என்றேன்.

அவர் ஜன்னலோரம் நின்று, எதிரே எழும்பும் புதுக் கட்டடத்துக்கு மேலே வானத்தையே பார்த்தார். துப்பாக்கி பிடிக்கிற கை ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

விடாமல் நச்சரித்த பிறகுதான் சொன்னார். ஓர் அந்தியில், காவலில் நின்றவர்கள் எல்லாருமே பார்த்தார்களாம். எதிர் மலையில் மஞ்சளாய் ஒரு வெளிச்சம், சத்தமே இல்லாமல். முகாம் விளக்குகளை அணைத்துவிட்டுத் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார்கள். அது மெதுவாக நகர்ந்து போயிருக்கிறது. மேலிடத்தில் விசாரித்துவிட்டு, நீங்கள் பார்த்தது வெள்ளி கிரகம் என்று முடித்துவிட்டார்கள்.

எனக்கு உயிர் வந்தது. "வெள்ளிக்கா இந்தப் பாடு?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிய நான் பாத்ததில்லயா, ஏட்டி? அது மலைக்குப் பின்னாலதான் எறங்கும். இது மலைக்கு முன்னால வந்துச்சு."

அன்றிலிருந்து பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. அவருக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பயந்தேன். கலங்கவில்லை என்றால் இன்னும் பயமாக இருந்தது. லீவு முடிந்தால் அதே காவலுக்குத்தானே போக வேண்டும். பாந்திராவில் ரயிலேற்றிவிட்டு, வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பிறகு சிக்னல் கிடைக்கிற நாட்களில் அந்தியில் போன் செய்வார். சாப்பாடு, பிள்ளை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "அங்க வெள்ளி தெரியுதா?" என்பார். "தெரியுது, கட்டடத்துக்குப் பின்னாலதான் எறங்குது" என்று சொன்னால் அவர் மூச்சு சீராகும்.

நேற்று, விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும்போது போன் வந்தது. பிள்ளையைப் பற்றிக்கூட விசாரிக்கவில்லை. நானாகவே, "வெள்ளி பின்னாலதான் இருக்கு" என்றேன்.

"இங்க ஒரே மேகம், ஏட்டி. வெள்ளி தெரியாது" என்றார் மெல்ல. "ஆனா வெளிச்சம் தெரியுது."

யாரோ இந்தியில் விளக்கை அணைக்கச் சொல்வது கேட்டது. போன் துண்டானது.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எழுந்து டியூப்லைட்டை அணைத்தேன். பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சாமி படத்தின் முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் அணைத்தேன்.