இருபத்தைந்து மைல் தனகோடி

தனகோடியின் கால்கள் சும்மா இருந்ததாக ஆம்பூரில் யாரும் சாட்சி சொல்ல முடியாது. தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்கு வைத்தார்கள். தோல் ஊறும் வரை காத்திருக்க அவனால் ஆகவில்லை. ஜட்கா ஓட்டினான், ஏறியவர்கள் வேகம் தாங்காமல் பாதி வழியில் இறங்கி நடந்தே வீடு போனார்கள். பிறகு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டான். முப்பத்திரண்டாம் வருஷம் தோல் ஷாப் முதலாளி கலீமுல்லா சாயபு பந்தய ரகக் கார் ஒன்று வாங்கியபோது, வேறு வழியில்லாமல் இவனைக் கூப்பிட்டார்.

கார் வந்த அன்று சாயபு சோதனை போட்டார். ஆசனத் தோலை நகத்தால் அழுத்தினார், முகர்ந்தார், மடிப்பை விரித்தார். எந்தக் காலத்திலோ எந்த மாட்டையோ உண்ணி கடித்த தழும்பைக் கண்டுபிடித்து, பட்டணத்துக் கம்பெனி மெக்கானிக்கிடம் ஒரு பாட்டம் சண்டையும் பிடித்தார். இன்ஜின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தனகோடி திறந்தான், திறந்தவன் மூட மனமில்லாமல் நின்றான்.

மெக்கானிக் ஒரு விதி சொன்னான். இன்ஜின் புதுசு, உள்ளே உரசுகிற பாகங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும், ஐந்நூறு மைல் ஓடும் வரை வேகம் காட்டும் முள் இருபத்தைந்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் எண்பது வரைக்கும் போகலாம். தாண்டினால் வேலை இல்லை என்றார் சாயபு. எண்பது என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தனகோடி சம்மதித்தான்.

காவலுக்குச் சாயபுவின் அக்கா பில்கிஸ் திரை கட்டிய பின்சீட்டில் உட்கார்ந்தார். நாட்றம்பள்ளிக்கும் ஆம்பூருக்குமாகக் கார் ஊர்ந்தது. மாட்டு வண்டிக்காரர்கள் கூடவே வந்து குசலம் விசாரித்தார்கள். ஒருநாள் வாணியம்பாடி பஸ் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு முந்தியது.

"இன்னா தனகோடி, இறங்கித் தள்ளட்டுமா?" என்றான் கண்டக்டர்.

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அந்த ஓட்டை பஸ்ஸு நம்மளத் தாண்டிப் போவுது. நீ இன்னா பண்றே?"

"முதலாளி உத்தரவும்மா."

"உத்தரவு போட்டவன் என் தம்பிதான். போ."

கால் தானாக அழுந்தியது. முள் முப்பதைத் தொட்டது. எண்பதை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் காலை எடுத்தான். பில்கிஸ் வீடு சேரும்வரை அவனோடு பேசவில்லை.

ஐந்நூறு முடிந்தது. மெக்கானிக் மறுபடி வந்து எண்ணெய் மாற்றி, திருகாணிகளை இறுக்கி, இன்ஜின் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்றான். அன்றைக்குச் சாயபு தாமே அக்கா பக்கத்தில் ஏறிக்கொண்டார். வேலூருக்குப் புறப்பட்டார்கள்.

ஊர் எல்லை தாண்டியதும் சாயபு மனம் நெகிழ்ந்து பேசினார். "உன்னை மாதிரி நிதானம் எவனுக்கும் வராதுப்பா. நம்ம வீட்டுக்கு இந்த வேகமே ஜாஸ்தி. ஆயுசுக்கும் இருபத்தஞ்சுலயே ஓட்டு. வேலை உனக்கு நிரந்தரம்."

"அப்ப என்னை பஸ்ஸுல அனுப்பிடு தம்பி," என்றார் பில்கிஸ்.

எதிரே சாலை காலியாகக் கிடந்தது. தனகோடி காலை அழுத்தினான்.

மாதனூர் வருவதற்குள் அவன் வேலை போய்விட்டது. அதைச் சொல்லச் சாயபுவுக்குப் பள்ளிகொண்டா தாண்டித்தான் மூச்சு வந்தது.