பொத்திப் பொத்தி வைக்கும் மனிதருக்கு எந்த பிரேக்?

போன மாதம் சிப்பாங் ரேஸ் ட்ராக்கில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கார் ஓட்டியது நானல்ல... என் வீட்டுக்காரர்!

பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். தினமும் வேலைக்குப் போகும் கடல் பாலத்தில் எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு, ட்ராக்குக்கென்றே வைத்திருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏறி ஹெல்மெட் மாட்டிவிட்டால் வேறு ஆள். அன்று ஒரு வளைவில் பிரேக்கை மிதித்திருக்கிறார். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. கார் திரும்பாமல் நேராகச் சரளைக்கல்லுக்குள் பாய்ந்து நின்றது. நல்லவேளை, ஒரு கீறல்கூட இல்லை. இறங்கி வந்தவர் சிரிக்கிறார்.

"நல்ல பிரேக் போடாம இனிமே அந்த வண்டில ஏறினீங்க... நான் கூட வரமாட்டேன்" என்றேன். நான் வராத ட்ராக்குக்கு அவர் போனதே இல்லை. அதுதான் என் பலம்.

மறுநாளே ஆராய்ச்சி ஆரம்பம். காலைப் பசியாறலுக்கு வாங்கிய ரொட்டி சானாய் ஆறிக்கொண்டிருக்க, எனக்குக் கார்பன் செராமிக் பிரேக் டிஸ்க் பற்றிப் பாடம் நடக்கிறது. எடை குறைவு, எவ்வளவு சூட்டையும் தாங்கும், எத்தனை சுற்று போனாலும் பிடி தளராது. விலை கேட்டேன்... தலை சுற்றியது. இருந்தாலும் உயிரைவிடவா? "அதையே வாங்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

சிம்பாங் அம்பாட்டில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் கோபி அண்ணன் மட்டும் அவசரப்படவில்லை.

"செராமிக்கோ ஸ்டீலோ, ரெண்டுலயும் வண்டி நிக்கும்லா தம்பி. போன தடவ ஏமாத்துனது டிஸ்க் இல்ல, பிரேக் ஆயில். கொதிச்சிருச்சு. மொதல்ல அத மாத்தணும். ஸ்டீல் டிஸ்க் வெயிட்டுதான், சீக்கிரம் தேயும். ஆனா தேஞ்சா கழட்டிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கலாம். செராமிக்ல ஒரு கல்லு பட்டு ஓரம் உடைஞ்சா... அவ்ளோதான்."

"பார்த்து ஓட்டினா ரொம்ப நாளைக்கு வரும்ல அண்ணே?" என்றார் இவர்.

பார்த்து ஓட்டினா! எனக்குச் சுருக்கென்றது. இவர் 'பார்த்து' வைத்துக்கொள்ளும் அழகு எனக்குத் தெரியாதா? மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய சோபாவில் இன்னும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. மழை வந்தால் புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பவர். இந்த மனிதரின் காலுக்கடியில் இவ்வளவு விலையுள்ள ஒரு பிரேக்கை வைத்தால் மிதிப்பாரா? ஐயோ, தேய்ந்துவிடுமே என்று ஒரு நொடி யோசித்துவிட்டால்?

"ஸ்டீலே போடுங்கண்ணே."

இவர் முகம் வாடிவிட்டது. "நீதானே செராமிக் வாங்கச் சொன்ன?"

"சொன்னேன். ஆனா உங்களுக்கு அத மிதிக்க மனசு வராதுங்க."

கோபி அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. மெதுவாக, "உண்மைதான்லா" என்றார். அந்த நிமிடம் எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது!

நம்மில் பலரும் இப்படித்தானே? நல்லதை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டு, சுமாரானதோடு காலம் தள்ளுகிறோம். பட்டுச் சேலைக்குச் சரி... பிரேக்குக்குச் சரிவருமா?

கடந்த ஞாயிறு மறுபடி சிப்பாங். புது பிரேக் ஆயில், புது பிரேக் பேட், ஸ்டீல் டிஸ்க். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி நான் காரைப் பார்க்கவில்லை. பின்னால் எரியும் சிவப்பு விளக்கைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பளிச்சென்று எரிந்தது. மனிதர் தயங்காமல் மிதிக்கிறார்!

கடைசிச் சுற்று முடிந்து வந்தவர், சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சூட்டில் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது.

"ரொம்பத் தேஞ்சிருச்சும்மா..." குரலில் அத்தனை வருத்தம்.

"தேயட்டுங்க. டிஸ்க் கடையில கிடைக்கும்."