இரண்டு பேர் ஏறி, இருபது பேர் தள்ளிய கார்

சொந்தமாக வீடு கட்டினவனை ஊர் மதிக்கும். சொந்தமாகக் கார் கட்டினவனை ஊர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுத்தவர்கள் தமிழ்நாட்டில் என்னைத் தவிர இன்னும் சிலராவது இருப்பார்கள் என்று நம்புகிறேன். சட்டையில் கிரீஸ் கறையும், வீட்டில் கெட்ட பெயரும், நடுரோட்டில் நின்ற அனுபவமும் உள்ள அந்தச் சகோதரர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். அவர்களுக்கு அது பழக்கம்தான்.

சாமானா, காரா?

விழுப்புரத்தில் எங்களுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, எண்ணெய் ஆலை. அப்பா ஆலையைப் பார்த்துக்கொண்டார். நான் கார் படம் போட்ட வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு துரை தன் ஊரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் துண்டுதுண்டாகப் பெட்டிகளில் வரவழைத்து, பூட்டிப் பார்க்க நேரமில்லாமல் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டேன். இரும்புச் சட்டம், சக்கரம், அலுமினியத் தகடு, ஸ்டீயரிங், இரண்டே இரண்டு சீட்டு. கூரை கிடையாது, கதவு கிடையாது. இன்ஜினும் கிடையாது. அதனால் என்ன, எங்கள் ஆலைக் கொட்டகையில் ஒரு பழைய காரின் இன்ஜின் இருந்தது. அதன்மேல் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பெட்டிகளை மாட்டுவண்டியில் ஏற்றி விழுப்புரத்துக்குக் கிளம்பினேன். எல்லையில், கண்டமங்கலம் சோதனைச் சாவடியில் கட்டவேண்டிய வரியைக் கட்டினேன். அங்கே நின்ற காவலாளிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் இன்னாங்க?" என்றார். "கார்" என்றேன், சற்றுப் பெருமையாகவே. அவர் பெட்டியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காருன்னா எதுக்கு மாட்டுவண்டியில ஏத்திகினு போறீங்க? ஓட்டிகினு போங்களேன்!"

டாக்டர் சொன்ன வைத்தியம்

காரைக் கட்ட எனக்கு இரண்டு கூட்டாளிகள் சேர்ந்தார்கள். ஒருவர் அந்தோணிசாமி. ரயில்வேயில் ஃபிட்டர். நீராவி இன்ஜினைப் பிரித்துப் பூட்டின கை. அதனால் அவருக்கு எந்த போல்ட்டும் சின்னதாகத் தெரியும். சின்னதாகத் தெரிந்ததை முழு பலத்தோடு முறுக்குவார். முறுக்கியதும் அது உடையும். "பூஞ்சை சாமான் சார்" என்று சாமானைத் திட்டுவார். இன்னொருவர் திண்டிவனத்து மாட்டு டாக்டர் சம்பந்தம். பட்டாளத்தார் கழித்துவிட்ட சாமான்களை விற்கிற டிஸ்போசலில் வாங்கின ஜீப் ஒன்றை அறுத்துக் குள்ளமாக்கி, அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரு மோட்டார் சங்கம் ஆரம்பித்தோம். டாக்டர் தலைவர், நான் செயலாளர், அந்தோணிசாமி பொருளாளர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது.

பூட்டி முடித்த அன்று தரையில் ஒரு டப்பா நிறைய போல்ட்டும் நட்டும் மிச்சம் கிடந்தது. "ரயில் இன்ஜின்ல மிச்சமானா தப்பு சார், கார்ல மிச்சமானா சிக்கனம்" என்று அந்தோணிசாமி டப்பாவை மூடிவைத்துவிட்டார். ஸ்டார்ட் செய்தோம். இன்ஜின் இருமியது, குலுங்கியது, ஒரு தடவை புகை விட்டு ஓய்ந்தது. டாக்டர் பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார். பானெட்டின்மேல் வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு குழாயைக் காதிலிருந்து கழற்றினார்.

"மாடா இருந்தா ரெண்டு நாள் பட்டினி போட்டு, கஷாயம் குடுக்கச் சொல்லிடுவேன். இதுக்கு நீங்கதான் எதாவது பண்ணணும்."

கடைத்தெருவில் முதல் பவனி

ஒருவழியாக அது ஓடியது. சிவப்பு பெயிண்ட் காய்வதற்குள் கடைத்தெருவுக்கு எடுத்துவிட்டேன். நான் கண்ட கனவில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்து வியந்தார்கள். நிஜத்தில் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அந்தக் கார் அவ்வளவு தாழ்வு. எதிரே வந்த கூடைக்காரியின் முழங்கால்தான் என் கண்ணுக்கு நேராக இருந்தது. காலை நீட்டி, முதுகைச் சாய்த்து, தலை மட்டும் வெளியே தெரிய நான் மெதுவாக ஊர்ந்து போனபோது, கத்தரிக்காய் விற்ற அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்து, நிஜமான கவலையோடு கேட்டாள்.

"இன்னா தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா? படுத்துகினே போறியே!"

பெண் பார்க்கப் போன படை

எனக்குத் திண்டிவனத்தில் பெண் பார்த்தார்கள். கார் கட்டுகிற கிறுக்கு பெண் வீட்டுக்குத் தெரிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். அந்தக் காரிலேயே போய் இறங்க வேண்டும் என்பது என் திட்டம். காரில் இடமில்லாததால் அம்மாவும் அத்தையும் ரயிலில் முன்னால் போனார்கள். அப்பா கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். நானும் அந்தோணிசாமியும் காரில், வழித்துணைக்கு டாக்டர் ஜீப்பில். காலையில் கிளம்பினோம். விக்கிரவாண்டி தாண்டி ஃபேன் பெல்ட் அறுந்தது. டாக்டரின் வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டினோம். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் அதுவும் போனது. அப்புறம் மிச்ச வேட்டியும் போனது. வெயில் சாயும் நேரத்தில் பெண் வீட்டு வாசலில் போய் நின்றோம். கண்ணாடி மாட்டியிருந்த இடத்தைத் தவிர என் முகமெல்லாம் கரி. டாக்டர் இடுப்பில் துண்டு மட்டும்.

பெண்ணின் அப்பா பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். முகத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. உள்ளே அம்மாவும் அத்தையும் காலையிலிருந்து உட்கார்ந்து, பெண்ணைப் பாடச் சொல்லி, நடக்கச் சொல்லி, கூந்தல் நிஜமா என்று இழுத்துப் பார்த்து, பஜ்ஜியில் உப்பு குறைச்சல் என்றும் சொல்லி முடித்திருந்தார்கள். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தவன், இந்தப் பெண் கிடைக்காவிட்டால் அந்தக் காரை ஏரியில் தள்ளிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்து, "நாங்க யோசிச்சு..." என்று ஆரம்பித்தார். அப்போது பெண் கதவுக்குப் பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் அந்த நிசப்தத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா, அந்தக் காருல ரெண்டு பேருக்கு மேல ஏற முடியாதுன்னா எனக்குச் சம்மதம்."

அமாவாசை வேண்டுதல்

கல்யாணமான புதிதில் மனைவி ராஜேஸ்வரியை மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அமாவாசை என்பதை யோசிக்கவில்லை. வழியெல்லாம் வண்டிகள், தலையில் கூடையோடு நடக்கிற ஜனங்கள். கோயிலை நெருங்கும்போது கூட்டத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து, புஸ்ஸென்று ஆவி கிளம்பி, கார் நின்றுவிட்டது. சுற்றியிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ விளக்குக் கண்ணாடியில் வேப்பிலை செருகினார்கள். ஒருவர் முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மாள், "ஆத்தா நிறுத்திட்டாப்பா. இன்னா வேண்டுதல் பாக்கி வெச்சியோ, இப்பவே வேண்டிக்க, கிளம்பிடும்" என்றாள்.

ஃபேன் பெல்ட்டா ஆத்தாவா என்று வாதம் பண்ண அது இடமில்லை. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பக்கத்தில் ராஜேஸ்வரி என்னைவிட அதிக நேரம் கும்பிட்டாள். ஆளுக்கொரு கை வைத்துத் தள்ளினார்கள், கார் கிளம்பிவிட்டது. தரிசனம் முடிந்து திரும்பும்போது செஞ்சிக்கு இந்தப் பக்கம் மறுபடி நின்றது. இறங்கி நான் பானெட்டைத் திறப்பதற்குள் ஒரு பஸ் வந்தது. ராஜேஸ்வரி தயாராக இருந்தவள்போல எழுந்து நின்று கையைக் காட்டினாள். பஸ்ஸும் நின்றது. காரை ஒரு புளியமரத்தடியில் விட்டுவிட்டு ஏறினோம். சீட்டில் உட்கார்ந்த பிறகு, "கோயில்ல அவ்வளவு நேரம் என்ன வேண்டிக்கிட்டே?" என்று கேட்டேன்.

"வண்டி கிளம்பணும்னு நீங்க வேண்டிகினீங்க. திரும்பி வர்றப்போ பஸ்ஸு கெடைக்கணும்னு நான் வேண்டிகினேன்."

மாப்பிள்ளையும் நாற்காலியும்

விழுப்புரத்தில் ஓர் அரிசி மண்டிக்காரர் மகனுக்குக் கல்யாணம். காலை முகூர்த்தம். ஊரில் எல்லோரும் போகிற பெரிய காரில் தன் பையன் போகக்கூடாது, என் சிவப்புக் காரில்தான் ஊர்வலம் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மாப்பிள்ளை நல்ல பருமன். காரின் சீட்டோ ஒல்லியான வெள்ளைக்காரனுக்கு அளவெடுத்துச் செய்தது. நான்கு பேர் தோளைப் பிடித்து அழுத்தி அவரை உள்ளே இறக்கினோம். ஜரிகைத் தலைப்பாகை, கோட்டு, மாலையோடு ராஜா மாதிரி இருந்தார். ஊர்வலம் மேளத்துக்குத் தகுந்தாற்போல் அசைந்து போயிற்று. அந்த வேகத்தில் போக மாட்டேன் என்று கார் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. மண்டபத்துக்குச் சற்று முன்னால் மூச்சை விட்டது. தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினோம். ஆரத்தி தயார். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையால்தான் எழுந்திருக்க முடியவில்லை.

கையைப் பிடித்து இழுத்தோம். அக்குளில் கொடுத்துத் தூக்கினோம். தலைப்பாகை வந்தது, அவர் வரவில்லை. நாதஸ்வரக்காரர் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். உள்ளேயிருந்து புரோகிதர் ஆள்மேல் ஆள் அனுப்பினார். மண்டிக்காரர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ளை கல்யாணம் நின்னுதுன்னா உன்னை உயிரோட உடமாட்டேன்" என்றார். மாப்பிள்ளை அழ ஆரம்பித்தார். அந்த நேரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த அந்தோணிசாமி இலையை விட்டு எழுந்து ஓடிவந்தார். காருக்கடியில் படுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முறுக்கின போல்ட் எதுவும் உடையவில்லை; சீட்டு மொத்தமாகக் கழன்றது. சீட்டோடு மாப்பிள்ளையைத் தூக்கினோம். அப்படியே மணமேடைக்குக் கொண்டுபோய் இறக்கினோம். மேடையில் இரண்டு பேர் சீட்டின் பக்கத்தை விரித்துப் பிடிக்க, அவர் பலகைக்கு வழுக்கி வந்தார். தாலி நேரத்தோடு ஏறியது. எல்லாம் முடிந்து நான் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெண்ணின் தகப்பனார் அருகில் வந்தார். சாது மனிதர். அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான்.

"நாற்காலி நாங்களே போட்டிருப்போமே, மாப்பிள்ளை எதுக்குங்க தூக்கிகினு வந்தாரு?"

விக்கிரவாண்டிக்காரர்

முதல் குழந்தை ராஜேஸ்வரி மடியில் உட்கார்ந்து வந்தது. இரண்டாவது பிறந்ததும் இடப்பிரச்சினை வந்தது. ஒரு நாள் அவள் இரண்டு குழந்தைகளையும் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, "இனிமே கணக்கு சரியா இருக்குது. நீங்க நடந்து வாங்க" என்றாள். டாக்டர் மாற்றல் உத்தரவு வந்து தெற்கே போய்விட்டார். அந்தோணிசாமி பதவி உயர்வு பெற்று, பிறர் முறுக்குவதை மேற்பார்வை பார்க்கிறவரானார். சங்கத்தில் செயலாளரான நான் மட்டும் மிஞ்சினேன். காரை விற்பது என்று முடிவு செய்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாங்க வந்தவர் விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். சிவப்பு பெயிண்டைப் பார்க்கவில்லை, ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜினை மட்டும் பார்த்தார். நான் அடக்கமாட்டாமல், "நல்லா ஓடும்ங்க, எவ்வளவு வேகம் வேணும்னாலும்" என்று ஆரம்பித்தேன். "ஓட வேணாம்ங்க" என்றார். "கேணியண்ட வெச்சி, தண்ணி எறைக்கணும். நின்ன எடத்துலயே நிக்கணும்." எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே. நிற்பதில் அதற்கு நல்ல பழக்கம் உண்டு என்று உறுதி சொன்னேன்.

ஒரு கோடையில் அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது மனசு கேளாமல் இறங்கிப் பார்க்கப் போனேன். கிணற்றடியில் கல்மேல் உட்கார்ந்து, பெல்ட் மாட்டி, அந்த இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இருமல் இல்லை, புகை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் புரண்டு போய், மல்லாட்டைக் கொல்லை பச்சைப்பசேலென்று நின்றது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. "ஒரு நாளாவது நின்னுதா?" என்று கேட்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்க அதை ஊரு ஊரா இட்டுகினு போயி பேஜாரு பண்ணீங்க. எம்மாம் நல்ல இன்ஜினு தெரியுமா அது!"

ஆக, சொந்தமாகக் கார் கட்டி ஓட்டுகிற தொழிலில் மொத்தம் இரண்டே சந்தோஷங்கள்தான் உண்டு: கார் கிளம்பினால் அது நமக்கு, கிளம்பாவிட்டால் மற்ற எல்லோருக்கும்.