ஹாரனுக்கு ஒரு சிவப்பு பல்பு

என் மேசை இழுப்பறையில், ஃபியூஸ்களைப் போட்டுவைக்கும் தகர டப்பாவுக்குள் ஒரு சிறிய சிவப்பு பல்பு கிடக்கிறது. டேஷ்போர்டில் பொருத்துகிற வகை. எரியும் பல்புதான். ஆனாலும் வேறு யாருக்கும் மாட்டிக் கொடுத்ததில்லை. ஃபியூஸ் தேடும்போது விரலில் தட்டுப்படும். ஓரமாகத் தள்ளிவிட்டுத் தேடுவேன்.

அது சங்குக்கார அண்ணாச்சியின் காரில் இருந்தது. வாலிபத்தில் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். அதை விட்டபிறகு பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மற்ற நேரம் காயல்பட்டினம், திருச்செந்தூர் என்று சவாரி. ஆத்தூர் சாலையில் இருக்கும் என் எலக்ட்ரிக்கல் பட்டறைக்கு அவர் வருவது முக்குத் திரும்பும்போதே தெரியும். அப்படியொரு குரல். “மைக்க முழுங்கிட்டு வாராரு பாரு” என்பார் பக்கத்து டீக்கடைக்காரர். நான் நேர்மாறு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன். அவர் பேசுவார், நான் வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். கலங்கிய தண்ணீரில் கண் உதவாது, மணலைக் கையால் தடவித்தான் சங்கை எடுக்க வேண்டும் என்பார். ஆழத்தில் காதுக்குள் ஏதோ வெடித்து ரத்தம் வந்ததையும், மறுநாளே திரும்ப இறங்கியதையும் பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள், “ஏலே, ஹாரன் ஆஸ்துமாக்காரன் மாரி இழுக்கு. என்னன்னு பாரு” என்று வண்டியை நிறுத்தினார். உப்பளக் காற்று அடிக்கிற ஊரில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். ஹாரனைப் பிடித்திருந்த போல்ட்டைச் சுற்றித் துரு பொரிந்து கிடந்தது. சுரண்டி எடுத்துப் புது ஒயர் கொடுத்தேன். உள்ளே பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, பின்னாலிருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். சத்தம் திறந்துகொண்டது. டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளர் தளும்பியது. அண்ணாச்சி மட்டும், “பரவால்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சில நாளில் திரும்ப வந்தார். “முன்ன மாரி இல்லலே.” ரிலேயை மாற்றினேன். ஸ்டியரிங்கில் பட்டனைக் கழற்றித் துடைத்தேன். பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் தொட்டுப் பார்த்தேன். குறையே இல்லை. அவர் முகம் தெளியாததால், லாரிக்குப் போடுகிற ஹாரன் ஒன்றையே மாட்டி அனுப்பினேன்.

அடுத்த தடவை கோபமாக வந்தார். “ஒரு நேரம் அடிக்கு, ஒரு நேரம் அடிக்கல. நேத்து காயல்பட்டினத்துல தெருவுக்குள்ள திரும்புதேன், எவ்வளவு அமுக்கினாலும் மூச்சே இல்ல. ஒரு பாய் வெளிய வந்து, ‘ஏன் இப்படி ஊரையே எழுப்புதிய, பிள்ள தூங்குது’ங்காரு. அடிக்காத ஹாரனுக்குச் சண்டை!”

டீக்கடையில் சிரித்தார்கள். என் கை நின்றுவிட்டது. அந்தத் தெருவில் ஹாரன் அடித்துத்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் அவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு உப்பு லாரிகளுக்கு நடுவே போவார். பின்னால் ஒருவன் எவ்வளவு அடித்தாலும் விலகமாட்டார். சொல்லியாக வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. தனியாக இருந்தாலும் எழாது. “வண்டிய விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி, சாயங்காலம் தாரேன்” என்றேன்.

சாயங்காலம் வந்தவர் டேஷ்போர்டைப் பார்த்து, “இது என்னத்துக்குலே?” என்றார்.

“ஹாரனுக்குக் கரண்டு போனா எரியும்.”

அமுக்கினார். பல்பு எரிந்தது. எதிரே உடைமரத்தில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. அவர் பல்பைப் பார்த்தார், காக்கைகளைப் பார்த்தார்.

“கரண்டு போகு. ஹாரன் செத்துருக்கலாம்லா?”

நியாயமான கேள்வி. அவரே இறங்கி, பானட்டைத் திறந்து, ஹாரன் மேல் உள்ளங்கையை வைத்தார். “நீ உக்காந்து அடி.”

அடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை, நானும் விடவில்லை. டீக்கடைக்காரர் வெளியே வந்து காதைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி அவரையும் பார்த்தார். பிறகு கையை எடுத்து, பானட்டை மெதுவாக மூடினார். சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சொந்த வண்டியில் அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“நீ ஓட்டு. வீட்டுல கொண்டு விடு.”

உப்பளத்து வளைவில் ஹாரன் அடித்தேன். சிவப்பு வெளிச்சம் வந்து போனது.

“அடிக்கு, என்னல?”

“அடிக்கு அண்ணாச்சி!” வாழ்நாளில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை.

“கத்தாதலே, பக்கத்துலதான இருக்கேன்” என்றார். சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகளை வேறொருவர் ஏற்றிப் போனார். காரை நாசரேத்துக்காரர் ஒருவர் வாங்கினார். அந்தப் பல்பு எதற்கு என்று கேட்டு, வேண்டாம் என்றார். கழற்றி டப்பாவில் போட்டேன். அண்ணாச்சி பிறகு மகளின் ஐஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். அவ்வழியே போனால் கையை உயர்த்துவார். சில வருஷங்களில் அதுவும் நின்றது.

இப்போது பள்ளி வேன்கள் நிறைய வருகின்றன. ஹாரன் பார்க்கும்போது டிரைவரை அடிக்கச் சொல்லிவிட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். எனக்கும் வயது ஏறுகிறது. கையில் அதிர்வும் காதில் சத்தமும் இதுவரை ஒன்றாகத்தான் வருகின்றன. பல்பு டப்பாவிலேயே கிடக்கட்டும்.